இல்லாள் இருக்கிறாள்

பஞ்சுக் கிடங்குத் தெரு,
ராஜபாளையம்.
4.8.2025

பிரியமுள்ள, பிரிந்துள்ள அம்மாவுக்கு,

உன் மகள் செல்லக்கனி, இப்போதைக்குச் செல் இல்லாக்கனி, எழுதுவது. பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் தலைமையாசிரியை எழுதுகிற மாதிரியே ‘நாளை விடுமுறை’ என்று ஒரே ஒரு வரி போட்டேன். அதற்குப்போய் அப்பா போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. மனுஷன் நடந்தால் மாட்டுவண்டி வருகிற சத்தம். நீயோ அப்பா நம்பருக்கு அடிக்கவே மாட்டேன் என்கிறாய். அதனால்தான் பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடுகிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ரெண்டு நாள் எடுத்துக்கொள்ளும் தபாலில் எழுதுகிறேன். மாமாவும் அத்தையும் சுகமா? மடவார் வளாகத்தில் கூரை மேலேயே நிற்கிறதா, இல்லை நம் வீடு மாதிரி அவ்வப்போது கீழே இறங்கி வந்து நலம் விசாரிக்கிறதா?

இனி சேதி. நம் தெருவை இடிக்கப்போகிறார்கள்! நெஞ்சைப் பிடிக்காதே, இடித்துவிட்டுக் கட்டவும் போகிறார்கள். போன வாரம் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. ‘நகர்ப் புத்தாக்க முகமையின் மறுசீரமைப்புத் திட்டம், அனைவரும் கூட்டத்துக்கு வருக’ என்று கத்திக்கொண்டே சாக்கடைக்குள் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டது. தெருவே சேர்ந்து தூக்கிவிட்டோம்.

பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் பெரியம்மா ஓடி வந்தாள். “ஏட்டி கனி, மறு சீராம்லா! அரசாங்கம் நமக்கு ரெண்டாந்தடவ சீர் செய்யுதா?”

“ஆமா பெரியம்மா. சீர் மட்டுந்தான் புதுசு. மாப்பிள்ள பழசுதான், மாத்த முடியாதாம்.”

“அப்ப எனக்கு வேண்டாம்” என்று போய்விட்டாள்.

அப்பா கேட்டார், “முகமைன்னா என்னட்டி?”

“முகத்துல மை பூசுறதுப்பா.”

“நெனச்சேன்” என்றார், அம்புட்டு நம்பிக்கையாக.

கூட்டம் பழைய கிடங்கு வாசலில் நடந்தது. ஷெரின் மேடம் என்று ஒரு அதிகாரி வந்திருந்தார்கள். இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்றே யாருக்கும் தெரியாமல்தானே இத்தனை வருஷமாக ஓடு மாற்ற ஆளில்லை, சாக்கடை தூர்வார ஆளில்லை? மூடிப்போன மில்லின் வாரிசுகளைத் தேடிப் பிடித்து உட்கார வைத்துப் பேசி, முகமையே நிலத்தை எழுதி வாங்கிவிட்டதாம். இடிந்த கிடங்கு இருக்கும் இடத்தில் கீழே கடைகள், அதற்கு மேலே வீடுகள். கட்டி முடிக்கும்வரை வெளியே குடியிருக்க வாடகையும் அவர்களே தருவார்கள். முடிந்ததும் இதே ஆட்கள் இதே தெருவுக்குத் திரும்பி வரலாம். தெருவில் முக்கால்வாசிப் பேர் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும்.

எல்லாரும் கை தூக்கினார்கள். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “எங்கய்யா வாழ்ந்த வீடு. ஓட்ட மாத்துனாப் போதும்” என்கிறார். உனக்குத் தெரியாத பாட்டா? போன மழையில் ஓடு விழுந்தபோது ‘நான் வேணுமா, இந்த ஓடு வேணுமா’ என்று நீ கேட்டாய். அப்பா ‘ஓடு’ என்றார். அவர் சொன்னது கூரையையா, உன்னையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீ ஓடிவிட்டாய். ஓடு இன்னும் ஒழுகுகிறது.

நீ பத்தாம் வகுப்பை முடி என்று சொல்லி என்னை இங்கே விட்டுப் போனதால், தினமும் அப்பா சமையலைச் சாப்பிட்டு வீரத்தை வளர்த்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் செல் இல்லாக்கனி

*

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
8.8.2025

வாய் நீண்ட மகளுக்கு அம்மா எழுதுவது.

கடிதம் வந்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, கணக்குப் பரீட்சை என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. உன் மாமா கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வந்தவருக்குத் துவரம்பருப்புக்குப் பதில் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டார். இனி என் பெயருக்கு எழுதினால் ஒட்டி அனுப்பு.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் அண்ணன் கடையில் கல்லா, மத்தியானம் அத்தைக்கு ஒத்தாசை. யாரும் ஒரு குறை சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கிறார்களே என்றுதான் சில நாள் சங்கடமாக இருக்கிறது.

அந்தத் தெருவை இடித்தால் என்ன, கட்டினால் என்ன? எனக்கு அங்கே வேலை இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். அடுப்படிக்கு ஜன்னல் வைப்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். கக்கூஸ் வீட்டுக்குள்ளேயா, பழையபடி தெருக்கோடியில் வரிசையில் நிற்பதா? அதுவும் சும்மாதான். மாடிக்குத் தண்ணீர் குழாயில் ஏறுமா, இல்லை குடத்தைத் தூக்கிக்கொண்டு நான், இல்லை, யாராவது ஏற வேண்டுமா?

உன் அப்பாவுக்கு ராத்திரியில் மோர் கொடுக்காதே. சளி பிடிக்கும். நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா

*

ராஜபாளையம்.
14.8.2025

‘சும்மா’ கேட்கும் அம்மாவுக்கு,

ஜன்னல் உண்டு. கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே உண்டு. தண்ணீர் தானாக ஏறும். நானே ஷெரின் மேடத்திடம் கேட்டேன். எப்படி என்று கேள்.

தெருமுனையில் அவர்கள் நட்ட பலகையில் ‘முகமை’யை ‘முக மை’ என்று பிரித்து, பக்கத்தில் மீசை வைத்த முகம் ஒன்று வரைந்து வைத்திருந்தேன். மறுநாள் மேடம் வந்தார்கள். யார் வேலை என்றார்கள். தெருவே ஒரே குரலில் என் பெயரைச் சொன்னது. என் செல்வாக்கைப் பார்!

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “கையெழுத்து அழகா இருக்கே. நாளையிலருந்து எங்க அறிவிப்பெல்லாம் நீயே இந்தப் பலகையில எழுதிரு” என்றார்கள். வசமாகப் பிடித்துவிட்டார்கள் அம்மா. இப்போது வாராவாரம் சாக்பீஸோடு நிற்கிறேன். ஆனால் ஒரு லாபம், தெருவுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெருவிளக்கு பதினாலு வரப்போகிறது. நாய்களுக்குப் படுக்க இருட்டே கிடைக்காது.

நேற்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நம் வீட்டுக்கு ஜெபக்குமார் அண்ணன் வந்தார். இந்த வேலைக்குப் புதுசு, பாவம், வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் நுழைந்தார். அப்பா பெயர், தொழில், என் பெயர், எல்லாம் முடிந்தது.

“வீட்டுக்காரம்மா?” என்றார்.

அப்பா கூரையைப் பார்த்தார். “அத விட்டுட்டு அடுத்ததக் கேளுங்களேன்.”

“விட முடியாதுண்ணே. கட்டத்துல ஏதாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் தெறக்கும்.”

அப்பா மறுபடியும் கூரையைப் பார்த்தார். ‘இருக்கிறாள்’ என்றால் எங்கே என்பார்கள். ‘இல்லை’ என்று சொல்லவோ அப்பாவுக்கு வாய் வராது. உன் மகள் சும்மா இருப்பாளா?

“இல்லாள்னு போடுங்கண்ணே” என்றேன்.

“என்னம்மா?”

“இல்லாள்.”

எங்கள் தமிழய்யா சொல்லித் தந்த சொல். இல்லத்தை ஆள்கிறவள் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லாதவள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அப்பா பொய் சொன்னதாகவும் ஆகாது, நான் உன்னை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது. எப்படி?

ஜெபக்குமார் அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை நிமிரவில்லை. அண்ணன் குரலைத் தாழ்த்தி, “சரிம்மா” என்று ஏதோ தட்டினார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். என் தமிழைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கணக்கில் நாற்பத்தொன்று. இதைக் கடைசியில் எழுதினால் நீ கோபப்படுவதற்குள் கடிதம் முடிந்துவிடும்.

உன்
பலகைக் கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்.
26.8.2025

அருமை மகள் செல்லக்கனிக்கு, காலஞ்சென்ற உன் தாய் எழுதுவது.

சிரிக்காதே. நேற்று மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன். வாசலில் ஓலம். “ஏ பாண்டிசெல்வி, இந்த வயசுலயே கண்ண மூடிட்டியேடி, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியேடி!” என்று மாரில் அடித்துக்கொண்டு சுடலையம்மாள் அக்கா நிற்கிறாள். கையில் மாலை வேறு. அத்தை பயந்து போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் ஈரக் கையோடு வெளியே வந்தேன்.

“என்னக்கா, யாரு போனது?”

“நீதாம்டி!” என்றாள். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் வளாகமே கூடிவிட்டது.

உங்கள் கிடங்குச் சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்கிறதாமே? உன் அப்பா பெயருக்கு நேரே ‘மனைவி: காலமானார்’ என்று இருக்கிறதாமே? உன் தமிழ் என்னைக் கொன்றுவிட்டதடி. ஜெபக்குமார் ‘இல்லாள்’ என்றதை ‘இல்லாத ஆள்’ என்று எடுத்துக்கொண்டான்போல. அக்காவுக்குக் காப்பி கொடுத்தேன், பால்கோவா கொடுத்தேன். “இம்புட்டு தூரம் அழுதுட்டு வந்தது வீணாப் போச்சே” என்று குறைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். மாலையை மாமா கடைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டோம்.

ராத்திரி படுத்த பிறகு சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது, கனி. நீ விளையாட்டுப் பிள்ளை. ஜெபக்குமார் விவரம் தெரியாதவன். பட்டியல் ஒட்டி மூன்று நாளாகிறது என்றாள் அக்கா. உன் அப்பா அந்தச் சுவரைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறார்? பார்த்தாரா, இல்லையா? பார்த்துவிட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா?

இதற்கு மட்டும் வேடிக்கை இல்லாமல் பதில் எழுது.

அம்மா

*

ராஜபாளையம்.
29.8.2025

அம்மாவுக்கு,

வேடிக்கை இல்லாமல் எழுதுகிறேன். முடிந்தவரைக்கும்.

பார்த்தார். ஒட்டிய அன்று சாயங்காலமே வேலை விட்டு வரும் வழியில் பார்த்தார். நான் பக்கத்தில் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நேரே முகமை அலுவலகத்துக்கு நடந்தார். நான் சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே போய் மேசையில் ஓங்கி ஒரு தட்டு. “எம் பொண்டாட்டி இருக்கா! யாரு சொன்னா செத்துட்டான்னு?”

ஜெபக்குமார் அண்ணன் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். ஷெரின் மேடம் எழுந்து வந்தார்கள். “மன்னிச்சிருங்கண்ணே, தப்பு எங்களோடது. அவங்க எங்க இருக்காங்க?”

“வீட்டுல.”

“எந்த வீட்டுல?”

அப்பா மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பட்டியல் ஒட்டி ஒரு வாரமாகியும் நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினேன், கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிலேடை வந்து உட்கார்ந்துகொண்டது.

மேடம் சொன்னது இது. செப்டம்பர் ஒன்பதாம் தேதி திருத்த முகாம். நீயே நேரில் வந்து இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது, செல்லக்கனி சொன்னாலும். சேர்ந்து இருக்கிறீர்கள் என்றால் வீடு உங்கள் ரெண்டு பேர் பெயரிலும். தனியாக இருக்கிறாய் என்றால் அதையும் சொல்லலாம், உன் பங்கு போகாது. யாரும் உன்னை வற்புறுத்த மாட்டார்கள். வராவிட்டால் நீ செத்தது செத்ததுதான். வீடு அப்பா ஒருவர் பெயருக்குப் போய்விடும்.

திரும்பி வரும்போது கேட்டேன். “அப்பா, அன்னைக்கு ஓடுன்னு சொன்னீங்கல்ல, யாரச் சொன்னீங்க?”

நடந்துகொண்டே சொன்னார். “ஓடு புதுசா வாங்கிப் போட்டுருவோம்னு சொல்ல வந்தேன். மொத வார்த்தையிலயே பையத் தூக்கிட்டா. பொறவு யாருகிட்டச் சொல்ல?”

பத்து மாதமாக அந்த வாக்கியம் முடியாமல் அவர் வாயிலேயே கிடந்திருக்கிறது, அம்மா. தெருவே எவ்வளவோ சொல்லியும் சம்மதிக்காதவர், வீட்டுக்கு வந்ததும் புது வீட்டின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஒங்கம்மா வரணும்னு எழுதாத. வந்தா வரட்டும். அடுப்படி எந்தப் பக்கம் வேணும்னு மட்டும் கேளு” என்றார்.

கேட்டுவிட்டேன்.

கனி

*

ராஜபாளையம்.
10.9.2025

உயிர்த்தெழுந்த அம்மாவுக்கு,

நேற்று நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் நீ எதையெல்லாம் பார்க்கவில்லை என்று நான் எழுதவேண்டும். என்னால் அடக்க முடியவில்லை!

நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது சுடலையம்மாள் பெரியம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள், “நானே மால வாங்கிட்டுப் போனேன், வேண்டாம்னுட்டா!” அப்பா காலையிலேயே சவரம் செய்து, கன்னத்தில் ரெண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, அதில் பவுடர் அப்பியிருந்தார். நீ வரிசையில் அவருக்குப் பின்னால் போய் நின்றாய். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். முன்னால் நின்ற எனக்குத்தான் தெரியும், கழுத்து வரைக்கும் வியர்த்துக் கொட்டியது.

ஜெபக்குமார் அண்ணன் எழுந்து நின்று, “அக்கா, தெரியாமப் போட்டுட்டேன்” என்றார். “பரவாயில்லப்பா, நல்லாத் தூங்கினேன்” என்றாயே, ஷெரின் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் நாக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

ஆனால் அடுத்த கேள்விக்கு என்னம்மா ஆச்சு? “சேர்ந்து இருக்கீங்களா, தனியாவா?” என்று ஜெபக்குமார் அண்ணன் கேட்டார். நீ அப்பாவைப் பார்த்தாய். அப்பா தன் செருப்பைப் பார்த்தார். “இப்ப எழுதாதிய, பொறவு சொல்றேன்” என்றுவிட்டாய். அப்பாவிடம் “எளச்சுட்டிய” என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான், கிளம்பிவிட்டாய். வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. நீ போனதும் அப்பா பேனாவை வாங்கி இடிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். அதை நீ பார்க்கவில்லை. “அடுப்படி கெழக்கப் பாத்து இருக்கட்டும் மேடம், அவளுக்குக் காலை வெயில் பிடிக்கும்” என்றார். அதையும் நீ கேட்கவில்லை.

இருபது நாளுக்குள் பதில் சொல்லவேண்டும் என்கிறார்கள். மாத முடிவுக்குள் எல்லாரும் வீட்டைக் காலி செய்து வாடகைக்குப் போகவேண்டும். அப்பா வீடு தேடாமல் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் “ரெண்டு பேருக்கா, மூணு பேருக்கான்னு தெரியாம எப்படித் தேட?” என்கிறார்.

விளையாட்டெல்லாம் போதும் அம்மா. வருகிறாயா?

உன்
செல்லக்கனி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்.
17.9.2025

என் செல்லக்கனிக்கு,

உன் கடிதத்தை மாமா பிரிக்கவில்லை. அப்படியே என்னிடம் தந்துவிட்டு, “நீயே படிச்சுக்கோத்தா” என்று கடைக்குள் போய்விட்டார்.

அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன், கனி. வாசலை மிதிக்காமல் போனது கோபத்தில் இல்லை. மிதித்தால் உள்ளே போயிருப்பேன். உள்ளே போனால் பாத்திரம் விளக்கியிருப்பேன். எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ‘ஓடு’ என்று கேட்டு ஓடி வந்தவள், யாரும் ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படித் திரும்புவது? உன் அப்பா சொல்ல மாட்டார். அவருக்கு அடுப்படியும் வெயிலும்தான் சொல்ல வரும். போகட்டும், அதுவாவது வருகிறதே.

அதனால் ஒரு காரியம் செய்தேன். அன்று திரும்பும் வழியில் பஸ் ஊரைத் தாண்டும் முன்பே இறங்கிவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கம், உன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் ஒரு வீடு பார்த்தேன். கான்கிரீட் கூரை. தட்டிப் பார்த்தேன். நேற்று மாமாவையும் கூட்டிப் போய்ப் பேசி முடித்துவிட்டேன். ஷெரின் மேடத்துக்கும் போன் செய்தேன். வாடகை உதவியை என் பெயருக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

நான் அங்கே திரும்பி வரவில்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான் இங்கே வருகிறீர்கள். அப்பாவிடம் அப்படியே சொல், உன் சரக்கு எதையும் சேர்க்காதே. தலையணையை அவரே தூக்கிக்கொண்டு வரட்டும். உனக்கு மட்டும் ஒன்று, பீரோ சாவி இனி என் இடுப்பில் இருக்கும். போன் கிடைக்கும் என்று கனவு காணாதே.

முன்பணம் வாங்கும்போது வீட்டுக்காரர், “எத்தன பேரும்மா இருப்பீங்க?” என்று கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார்.

மூணு பேர் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா